வெந்ததை ஏன் திரும்பவும் வேகவைக்கிறாய்?

அம்மா கேட்ட ஒரு கேள்வி நெடுநாளாக என்னை விடவில்லை. மக்ரோனி சீஸ் செய்துகொண்டிருந்தேன். மக்ரோனியை அவித்து வடித்தாயிற்று. பட்டர், மா, பால் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளை சோஸ் தயார். சீஸும் அதில் உருகிவிட்டது. எல்லாவற்றையும் கலந்து தட்டத்தில் ஊற்றி ஓவனுக்குள் வைக்கப் போனபோது, குசினி வாசலில் நின்ற அம்மா கேட்டார்: "எல்லாம் வெந்துதானே கிடக்கு. பிறகேன் பிள்ளை திரும்பவும் வேகவைக்கிறாய்?"

சும்மா கேட்டதல்ல அது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றதையும் பார்த்த குசினி எங்களுடையது. அதே வருடம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். பருப்பு மலர்ந்ததும் அடுப்பை நிறுத்திவிட்டு மூடி வைத்தால் மிச்சச் சூட்டிலேயே மசியும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அம்மா. அவர் கண்ணுக்கு, சாப்பிடத் தயாராக இருக்கும் ஒன்றைக் கரண்டில் இயங்கும் பெட்டிக்குள் அரைமணி நேரம் பூட்டி வைப்பது வீண்செலவு. சமையல் குறிப்புகளைத் தேடினால் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: "180 பாகையில் 25 நிமிடம் வைக்கவும்." ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை. நானும் "அப்படித்தான் செய்யிறது அம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மாவுக்கும் அது போதவில்லை, எனக்கும் போதவில்லை.

திருகோணமலையில் மக்ரோனி என்றால் அநேகமான வீடுகளில் தாச்சிச் சாப்பாடுதான். வெங்காயம், லீக்ஸ், கரட் வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி, மிஞ்சிய கோழிக்கறியையும் குழம்போடு போட்டுப் பிரட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. கிண்ணியாவில் என் சிநேகிதி வீட்டில் இறைச்சியும் மிளகும் தூக்கலாக இருக்கும். அந்த மக்ரோனி எனக்கும் பிடிக்கும், அதற்கு ஓவன் தேவையே இல்லை. பாலும் சீஸுமாக, உறைப்பே இல்லாத இந்த மக்ரோனிக்கு மட்டும் எதற்கு இரண்டாம் அடுப்பு?

இங்கே கிடைக்கிற சீஸ்

பதிலைத் தேடிப் போவதற்கு முன் சீஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சமையலில் பலர் கைவிடுகிற இடம் அதுதான். வெளிநாட்டுக் குறிப்புகள் நன்றாக முதிர்ந்த செடார் வேண்டும், கிருயேர் வேண்டும் என்று அடுக்கும். எங்கள் ஊர் சூப்பர்மார்க்கட்டில் எப்போதும் நிற்பது பதப்படுத்திய சீஸ்: கொத்மலை, ஹப்பி கௌ என்ற பெயர்களில், துண்டாகவும் முக்கோணமாகவும் தாள் போலவும். செடார் ஒரு கிழமை இருக்கும், மறுகிழமை இராது. பதப்படுத்திய சீஸைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரு போலிச் சாமான் மாதிரியே எழுதுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1911இல் சுவிற்சர்லாந்தின் தூன் நகரத்தில் வால்ட்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸோடு சோடியம் சிற்றேட் என்ற உப்பைச் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். ஏற்றுமதிக்காக நாள்பட வைத்திருக்கக்கூடிய சீஸ்தான் அவர்கள் தேடியது. 1916இல் ஜேம்ஸ் கிராஃப்ட் அமெரிக்காவில் தன்னுடைய முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சிற்றேட் செய்கிற வேலை இதுதான்: சீஸில் கேசீன் என்ற புரதத்தைக் கல்சியம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சிற்றேட் அந்தக் கல்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பிடி தளர்ந்த புரதம் கொழுப்பையும் நீரையும் சேர்த்து வைத்திருக்கும். அதனால் சூடாக்கினாலும் எண்ணெய் பிரியாது. முதிர்ந்த செடாருக்கு ருசி நிறைய, ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் புரதம் கட்டியாகி எண்ணெயைக் கக்கிவிடும். ஆகவே இரண்டையும் கலக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. 250 கிராம் மக்ரோனிக்கு 150 கிராம் செடார், 100 கிராம் பதப்படுத்திய சீஸ். ஒன்று ருசிக்கு, மற்றது சோஸ் குலையாமல் இருக்க. செடார் கிடைக்காத கிழமையில் முழுவதும் பதப்படுத்தியதையே போட்டு, அரைத்த கடுகை அரைத் தேக்கரண்டி கூட்டிவிடலாம். அச்சாறுக்கு வினாகிரியில் அரைக்கிற அதே கடுகுதான். சீஸின் சுவையை அது நன்றாகத் தூக்கிக் காட்டும்.

மா எங்கள் ஊரிலேயே அரைபடுகிறது. சீனக்குடாவில் 1980ஆம் ஆண்டு முதல் இயங்கும் பிரிமா மாவாலை, ஒரே இடத்தில் அமைந்த உலகின் பெரிய மாவாலைகளில் ஒன்று. கோதுமை கப்பலில் வந்திறங்குகிறது, மா லொறியில் நாடெங்கும் போகிறது. ஆனாலும் என் அம்மம்மா கடைசிவரை அதை அமெரிக்கன் மா என்றுதான் சொன்னார். 50 கிராம் பட்டரை உருக்கி, நுரை அடங்கியதும் 50 கிராம் மாவைப் போட்டு, பச்சை வாசம் போகும்வரை மெல்லிய நெருப்பில் கிளற வேண்டும். பிறகு 700 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். தம்பலகாமத்துப் பசும்பால் கிடைத்தால் நல்லது. எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் சீஸோடு சேரும்போது திகட்டிவிடும், அதைத் தயிருக்கு விட்டுவிடலாம். பால்மாவைக் கரைத்து ஊற்றினாலும் குறையொன்றுமில்லை. சோஸ் ஒரு கொதி வந்து அகப்பையின் முதுகில் படியும் பதத்துக்கு வந்ததும் அடுப்பை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் துருவிய சீஸ். சொதிக்குத் தேங்காயின் முதற்பாலை எப்போது விடுவோமோ அப்போது. கொதிக்கக் கொதிக்க விட்டால் இரண்டும் ஒரே மாதிரித் திரைந்துபோகும். இந்த இடத்தில் மட்டும் அம்மாவுக்கு நான் விளக்கம் சொல்லவே தேவைப்படவில்லை.

பெட்டியும் தட்டமும்

கேள்விக்கு வருவோம். இந்தச் சாப்பாட்டை முதலில் செய்தவர்கள் என்னதான் நினைத்துச் செய்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். 1769இல் இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபல்ட் என்ற பெண் அச்சிட்ட குறிப்பில் எங்களுக்குத் தெரிந்த எல்லாமே இருக்கிறது: அவித்த மக்ரோனி, கிறீம், மாவில் புரட்டிய பட்டர். கடைசியில் மேலே பரப்புவது சுட்டு வாட்டிய பார்மெசான் சீஸ். அதாவது அப்போதே மேல்பக்கம் நெருப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் இதற்குப் பின்னால் ஒரு கனத்த கதை உண்டு. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தோமஸ் ஜெஃபர்சன் 1784இல் பாரிசுக்குப் போனபோது, தனக்கு அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற இளைஞரையும் கூட்டிப்போய் அங்கே பிரெஞ்சுச் சமையல் பழகவைத்தார். ஹெமிங்ஸுக்கு விடுதலை கிடைத்தது 1796இல். 1801இல் இறந்துவிட்டார். மறுவருடம் ஜனாதிபதி மாளிகை விருந்தில் பரிமாறிய மக்ரோனிப் 'பை' பற்றி, பிடிக்கவில்லை என்று ஒரு விருந்தாளி நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சாப்பாட்டோடு ஜெஃபர்சன் பெயரைச் சேர்த்துச் சொல்லுகிறவர்கள் அநேகம் பேர், அதைச் சமைத்த கைகளைச் சொல்லுகிறவர்கள் குறைவு. இதை வாசித்ததிலிருந்து ஹெமிங்ஸின் பெயரைச் சொல்லாமல் இந்தச் சமையலைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை. கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களில் இன்றைக்கும் பெருநாட்களில் மேசைக்கு வருவது ஓவனில் சுட்ட மக்ரோனிதான், அடுப்பில் கிண்டியதல்ல. பார்படோசிலும் டிரினிடாட்டிலும் மக்ரோனிப் பையைச் சதுரமாக வெட்டிப் பரிமாறுகிறார்கள். வெட்டி எடுக்க வேண்டுமென்றால் அது இறுகியிருக்க வேண்டும், இறுக வேண்டுமென்றால் சுட வேண்டும்.

ஆனால் அம்மாவின் பக்கத்துக்கும் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 1937இல் கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரு பெட்டியில் போட்டு 19 சதத்துக்கு விற்றது. நாலு பேருக்குக் காணும், ஓவன் வேண்டாம். பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம், சனம் வாங்கித் தள்ளியது. ரொறன்ரோவில் வளர்ந்த என் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளுக்கு மக்ரோனி சீஸ் என்றால் அந்தப் பெட்டிதான். விடுமுறைக்கு இங்கே வந்தபோது நான் சுட்டு வைத்ததைப் பார்த்து, "இது வேற சாப்பாடு" என்றார்கள். மரியாதையான பிள்ளைகள், சாப்பிட்டார்கள். ஆனால் இவ்வளவு பேர் சுடாமலே சாப்பிட்டு வளர்ந்திருக்கும்போது, சுடத்தான் வேண்டும் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

போறணை

போன மாரியில் தம்பியின் மகளுக்குப் பிறந்தநாள். பின்னேரம் நாலரை மணி, தட்டம் நிரப்பி மேலே பாண் தூள் தூவி முடித்த நேரம் கரண்ட் போய்விட்டது. வாடைக்காற்று பலமாக வீசுகிற நாளில் கம்பி எங்காவது அறுந்தால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அம்மாவோ, "அப்பிடியே போட்டுக் குடு, பிள்ளையள் பசியோட நிக்குதுகள்" என்றார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கரண்டியும் நன்றாக இருந்தது. அதற்குமேல் அலுத்துவிட்டது. முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை ஒரே மென்மை, பல்லுக்கு வேலையே இல்லை. என்ன குறைகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் பிடிபடத் தொடங்கியது.

எங்கள் வீதி முனையில் இன்னும் விறகில் பாண் போடுகிற பேக்கரி ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் நத்தார் நேரம் அயலவர்கள் கேக் தட்டங்களைத் துணியால் மூடி அங்கே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பின்னேரப் பாணை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்கார நானா, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "கொண்டாங்க தங்கச்சி. பாண் இறக்கின சூடு கேக்குக்குச் சரி, இதுக்கும் சரிவரும்" என்றார். அதோடு விடவில்லை. மாவில் ஒரு சிட்டிகை எடுத்துப் போறணையின் செங்கல் தரையில் எறிந்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். மா உடனே கறுக்கவில்லை. மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பாகியது. "இப்ப வைக்கலாம்" என்று சொல்லி, பாண் தள்ளுகிற நீளக் கம்பால் தட்டத்தை உள்ளே தள்ளி இரும்புக் கதவைச் சாத்தினார். போறணைக்குள் அந்த நேரம் நெருப்பு இல்லை. விறகு எரித்துத் தணலை வெளியே இழுத்தாயிற்று. செங்கல் குடித்து வைத்திருந்த சூடுதான் வளைந்த கூரையிலிருந்து கீழே இறங்கியது. வீட்டு ஓவனில் ஒரு மூலை கருக மறு மூலை வெளிறிக் கிடக்கும், இங்கே அப்படி இல்லை. தட்டம் வெளியே வந்தபோது மேல்பக்கம் முழுக்க ஒரே நிறத்தில் சிவந்திருந்தது. ஓரம் நெடுக சீஸ் கசிந்து தட்டத்தில் ஒட்டிக் கரும்பழுப்பாகச் சுருண்டிருந்தது. நடுவில் இன்னும் குமிழி வந்து உடைந்தது. நானா ஒரு பாணின் காசு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மெழுகுதிரி வெளிச்சத்தில் வெட்டினேன். தம்பியின் மகள், "மாமி, எனக்கு மூலை!" என்று முதலே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மூலைக்குப் பெரிய சண்டை. அம்மாவுக்கு ஒரு ஓரத்துண்டு வைத்தேன். சாப்பிட்டு முடித்துத் தட்டத்தின் விளிம்பில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டி எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஆழமான தட்டமெல்லே எடுத்திருக்கிறாய் பிள்ளை. மேல்பக்கம் காணாது."

நான் தேடிய பதிலை, கேள்வி கேட்டவரே சொல்லிவிட்டார். ஓவனில் வைப்பது உள்ளே இருப்பதை வேகவைப்பதற்கு அல்ல. உள்ளே நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டாது. சோஸுக்குள் மூழ்கிய மக்ரோனி கொஞ்சம் சோஸைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கும். சீஸும் பாணும் சிவந்து வாசம் எழும்புவது சுமார் 140 பாகைக்கு மேலேதான், அதுவும் ஈரம் காய்ந்த இடத்தில் மட்டும். ஈரம் காயக்கூடிய இடங்கள் இரண்டு: மேல்பக்கம், தட்டத்தின் ஓரம். சுடுவது முழுக்க முழுக்க அந்த இரண்டுக்காகத்தான். அவை குறைவாக இருந்தால் கரண்ட் செலவு வீண்தான், அம்மா சொன்னது சரி.

அதிலிருந்து நான் செய்கிற முறையே மாறிவிட்டது. ஆழமான பைரெக்ஸ் பாத்திரத்தை விட்டுவிட்டு, தட்டையான அகன்ற அலுமினியத் தட்டம். கலவை இரண்டு விரல் உயரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அகலம் கூடினால் ஈரம் வேகமாகப் போகும் என்பதால் சோஸ் தளர்வாக இருக்க வேண்டும். தட்டத்தில் ஊற்றும்போது இது தண்ணீராகிவிட்டதே என்று மனம் பதறும் அளவுக்கு இருந்தால்தான் சரி. மக்ரோனியைப் பைக்கற்றில் போட்ட நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னமே வடித்துவிட வேண்டும், மிச்சத்தை அது சோஸில் குடித்துக்கொள்ளும். மேலே தூவ றோஸ் பாணை விட நல்லது இல்லை. அதில் பொருக்குத்தான் அதிகம். முதல்நாள் பாணைக் கையால் உதிர்த்து, உருக்கிய பட்டரில் பிரட்டி, கொஞ்சம் செடார் சேர்த்துத் தூவலாம். மாரி காலத்தில் இந்த ஊர்க் கடற்காற்றில் பாண் தூள் போத்தலுக்குள் இருந்தாலும் ஈரம் பிடித்துப் பதமாகிவிடும். அப்போது வெறும் தாச்சியில் வறுத்துவிட்டுத்தான் பட்டர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பக்கம் மொறுமொறுப்பாக வராமல் சவசவவென்று போகும்.

ஓவனில் 200 பாகை, மேல்தட்டில், 20 நிமிடத்துக்குக் கிட்ட. குறிப்புகள் சொல்கிற 180ஐ விடக் கூட வைக்கிறேன், ஏனென்றால் எனக்கு வேண்டியது மேலிருந்து வருகிற சூடு. எடுத்தவுடன் வெட்டக் கூடாது, பத்து நிமிடம் இருக்கட்டும். சூடு தணியத் தணியத்தான் சோஸ் இறுகித் துண்டு துண்டாக எழும்பும். ஓவன் இல்லாதவர்கள் கேட்டால், அம்மா முந்தி கேக் செய்த முறையைச் சொல்லுவேன்: கனமான சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தட்டத்தை வைத்து, தகர மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல். இந்தச் சமையலுக்கு மேலே கூடுதல் தணல், கீழே பேருக்கு ஒரு துளி நெருப்பு போதும்.

இதற்குள் கறிவேப்பிலை தாளித்துப் போட்டால் என்ன, மிளகாய்த்தூள் போட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போடலாம், அவரவர் வாய். நான் போடுவதில்லை. பால், சீஸ், சுட்ட பொருக்கு என்ற மூன்றும் தனியாகத் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். உறைப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் கட்டைச் சம்பல் இருக்கட்டும். தேசிக்காய்ப் புளி கொஞ்சம் தூக்கலாகப் பிழிந்த கட்டைச் சம்பல் சீஸின் திகட்டலை நன்றாக வெட்டும். அம்மா அப்படித்தான் சாப்பிடுகிறார்.

செலவையும் பார்த்துவிட்டேன். எங்கள் ஓவன் 1500 வாட்ஸ். முன்கூட்டிச் சூடேற்றுவதோடு சேர்த்து 40 நிமிடம் இடைவிடாமல் இழுத்தாலும் ஒரு யூனிட்தான், சூடேறியதும் அது இடையிடையே தானாக நின்றுவிடுவதால் உண்மையில் அதற்கும் குறைவு. தட்டத்தை வெளியே எடுத்ததும் ஓவனை நிறுத்திவிட்டு, மிஞ்சிய பாண் துண்டுகளை உள்ளே பரப்பிக் கதவைச் சாத்திவிடுகிறேன். அடுத்த முறைக்கான தூள் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும்.